மூக்கின் குறுக்கே போன கம்பி

"நிறுவனத்தின் காட்சி மரபைத் தொலைநோக்குடன் வழிநடத்துபவர், பல்துறை வல்லுநர் குழுவை ஒருங்கிணைப்பவர், புகைப்படக்கலையில் தணியாத ஆர்வமும், புதுமையை வரவேற்கும் இளமைத் துடிப்பும் உடையவர்."

தொலைபேசி நிறுவனத்தின் பணி ஆணையில் இணையக் காட்சியக ஒருங்கிணைப்பாளர் என்ற பதவிக்கு இப்படித்தான் விளக்கம் எழுதியிருந்தது. பதவிக்கு வந்தவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வல்லுநர் குழு என்று எண்ணினால் ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, சுவரில் சுற்றாத ஒரு மின்விசிறி. புகைப்படத்தின் மேல் அவருக்கிருந்த ஆர்வத்தை அறிய, உறவினர் வீட்டில் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுக்கும் நேரத்தில் அவரைத் தேடிப் பார்த்தால் போதும். கை கழுவப் போயிருப்பார். திரும்பி வர நெடுநேரம் ஆகும்.

முப்பது வருஷம் அதே நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பாளராக உட்கார்ந்திருந்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பேச வந்தவரை 'ஹோல்ட் பண்ணுங்க' என்று காத்திருக்கச் சொல்லிச் சொல்லியே 'ஹோல்டக்கா' என்று பெயர் வாங்கினார். வீட்டில்கூட யாராவது பேச ஆரம்பித்தால் சுட்டுவிரலைத் தூக்குவார்; கணவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார். இணைப்பாளர் பிரிவை மூடியபோது மற்றவர்களெல்லாம் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த வேலை பிடிக்கவே இல்லை என்று முப்பது வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். போக மாட்டேன் என்று உட்கார்ந்ததும் அவர் ஒருவர்தான்.

உட்கார்ந்தவரை எழுப்ப முடியாத நிர்வாகம் அவருக்காக ஒரு பதவியை உண்டாக்கியது. ஆனால் ஆணையின் கடைசிப் பத்தியில் ஒரு கொக்கி இருந்தது. நிறுவன நாளன்று பழைய படங்களின் காட்சியகம் இணையத்தில் திறக்கப்பட வேண்டும். நிர்வாகத்துக்குத் திருப்தியானால் அன்றைக்கே ஓய்வு வயது வரைக்கும் பணி நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

வீடு என்ற சொல்தான் அவரை அசைத்தது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். காலையில் இரண்டு மூன்று பேருக்கு வகுப்பு. மீதிப் பகலெல்லாம் வீட்டில். ஊரார் கியரைத் தப்பாகப் போட்டால் புன்னகை செய்கிற அந்த மனிதர், மனைவி குழாயைத் திறந்தால் பக்கத்தில் நின்று "மெதுவா, மெதுவா" என்பார். அந்தப் பகல்களை நினைத்தாலே ஹோல்டக்காவுக்கு அலுவலகத்தின் மேல் அன்பு பெருகியது.

அவருக்குக் கொடுத்த அறை முன்பு பேட்டரிகள் வைத்திருந்த இடம். அமில வாடை இன்னும் போகவில்லை. ஜன்னல் கிடையாது. கூரைச் சுண்ணாம்பு, மேல்மாடியில் யாராவது நாற்காலியை இழுக்கும்போதெல்லாம் பொடியாக உதிர்ந்தது. படங்களில் இருந்து தூசியை நீக்கும் வேலைக்கு, கட்டடத்திலேயே தூசி அதிகமுள்ள அறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் வந்தவுடன் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைப்பார், படத்தைக் கவிழ்த்து வைப்பார், மூடியை மூடுவார், அதற்குள் ஒரு பொடி உள்ளே போயிருக்கும். திறப்பார், ரப்பர் ஊதியால் ஊதுவார், மறுபடி மூடுவார். ஸ்கேனர் ஒவ்வொரு முறையும் சூடாவதற்கு நேரம் கேட்டது. அத்தனை வருஷம் ஊரைக் காத்திருக்கச் சொன்னவரை அது காத்திருக்க வைத்தது.

படங்கள் வந்தது ஓய்வுபெற்ற கம்பியாளர் சங்கத்திலிருந்து. கம்பம் நட்டவர்கள், குழி தோண்டியவர்கள், கம்பி இழுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்தும் சங்கம். அவர்கள் சேர்த்துவைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், கறுப்பு அட்டைப் பக்கங்களில் மூலைகளைச் செருகி, தடித்தடியான ஆல்பங்களாக வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் கழற்றி, ஸ்கேன் செய்து, கோணலை நிமிர்த்தி, ஓரத்து வெள்ளையை வெட்டி, வெளிச்சம் சரிசெய்து, தூசி எடுத்து, அளவு குறைத்து, கீழே விளக்கம் எழுதி ஏற்ற வேண்டும்.

மேற்பார்வை செய்தவர் மக்கள் தொடர்பு அதிகாரி. நல்ல மனிதர், சுத்தம் என்ற சொல்லின் மேல் மட்டும் அளவு கடந்த பற்று. வாரத்தில் இரண்டு நாள் வந்து திரையருகே முகத்தை வைத்துக்கொள்வார்.

"இது என்ன மேடம், புள்ளி?"

"தூசி சார்."

"இது?"

"அது அவரோட மச்சம் சார்."

அதிகாரி யோசித்தார். "அதையும் எடுத்துடலாமா?"

மச்சத்தை எடுக்கவில்லை. ஆனால் தூசியை ஒவ்வொரு புள்ளியாகக் கிளிக் செய்து எடுத்துக்கொண்டிருந்தால் நிறுவன நாள் வந்து போய், அடுத்த நிறுவன நாளும் வந்துவிடும் என்பது ஒரு மாதத்திலேயே தெரிந்துபோயிற்று. மணிக்கட்டு வீங்கியது. கண்ணை மூடினால் புள்ளிகள் பறந்தன. சோற்றுத் தட்டில் மிளகைப் பார்த்தால்கூட விரல் தானாகக் கிளிக் செய்தது.

அப்போதுதான் அந்த மென்பொருளின் ஒரு மூலையில் 'தூசி, கீறல் நீக்கு' என்ற வசதி இருப்பதைக் கண்டார். ஒரு படத்தில் போட்டுப் பார்த்தார். அலுவலக வாசலில் பத்துப் பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம். குறுக்கே ஓடிய மெல்லிய கீறல்கள் மாயமாய்ப் போயின, மச்சங்கள் போகவில்லை. மொத்தப் படங்களுக்கும் ஒரே அடியாகச் செய்யவா என்று கணினி கேட்டது. செய் என்றார். பச்சைக் கோடு திரையில் நகர்ந்து நகர்ந்து முடிந்தது. அந்தப் பதவியில் அவர் மனம் நிறைந்து வீடு திரும்பிய நாள் அது ஒன்றுதான். கணவர் குழாயருகே வந்து நின்றபோதுகூட விரலைத் தூக்கவில்லை.

மறுநாள் கணினியில் இடம் போதவில்லை. பெரிய அளவில் ஸ்கேன் செய்த மூலக் கோப்புகள் இடத்தையெல்லாம் அடைத்திருந்தன. கணினிப் பிரிவில் கேட்டால், சுத்தம் செய்ததுதான் இருக்கிறதே, அழுக்கு எதற்கு, அழித்துவிடுங்கள் என்றார்கள். அழித்தார். அழித்ததோடு நிற்கிறவரா என்றால் இல்லை. கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். அடுத்தவர் பொருளை வைத்துக்கொண்டிருந்தால் தூக்கம் வராத சுபாவம் வேறு. அந்த வாரமே ஆல்பங்களையெல்லாம் சங்கத்துக்குத் திருப்பி அனுப்பி, பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார். சோம்பேறியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

அதன் பிறகு விளக்கம் எழுத உட்கார்ந்தார். அலுவலக வாசல் படங்கள் முடிந்து புயல் படங்கள் வந்தன. ஒரு பெரிய புயலுக்குப் பின் அறுந்து விழுந்த கம்பிகளை மறுபடி இழுத்துக் கட்டியபோது எடுத்தவை. முதல் படத்தில் எட்டுப் பேர் சேற்றில் வரிசையாக நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்து இழுக்கிறார்கள். 'கம்பி இழுக்கும் ஊழியர்கள்' என்று தட்டச்சு செய்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். கம்பி இல்லை.

எட்டுப் பேர் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இறுக்கிப் பிடித்த கைகளுக்குள் ஒன்றும் இல்லை. முதலில் ஏதோ விளையாட்டுக்காக எடுத்த படம் என்று நினைத்தார். அடுத்ததைத் திறந்தார். கம்பத்தின் உச்சியில் ஒருவர், எதையோ முறுக்கிக் கட்டும் பாவனையில். அதற்கடுத்ததில் சாலையோரம் நீளப் போகும் கம்பங்கள், கை நீட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல். வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. நீளமாக, மெல்லியதாக எது ஓடினாலும் கீறல் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு கருவியிடம், கம்பி இழுத்தே வளர்ந்த நிறுவனத்தின் படங்களை ஒப்படைத்திருக்கிறார். கருவியின் நேர்த்தியைச் சொல்ல வேண்டும்: ஒருவருடைய சட்டை மேல் தடிமனாக ஓடிய நிஜக் கீறலை மட்டும் அது மதித்து விட்டுவைத்திருந்தது.

காலையில் இருந்து மாலை வரை திறந்து திறந்து பார்த்தார். வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நலம். வெளியே வேலை செய்தவர்கள் எல்லோரும் வேலையை இழந்திருந்தார்கள்.

அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி வந்து திரையருகே முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே மேடம். நல்லாத்தானே இருக்கு."

"கம்பி இல்ல சார்."

"ஆமா, இல்ல." மறுபடி பார்த்தார். "கம்பி இல்லாததால பின்னாடி இருக்கற மலை நல்லாத் தெரியுது. இப்ப எல்லாமே வயர்லெஸ்தானே மேடம்? காலத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

ஹோல்டக்கா விரலைத் தூக்கினார். அதிகாரி நின்றார். இது வேடிக்கை இல்லை என்று அவர் விளங்கச் சொன்னதும், அதிகாரி இன்னும் எளிய ஒரு வழியைக் கண்டுபிடித்தார். கோடுதானே, மென்பொருளில் கோடு போடும் வசதி இருக்கிறதே, போட்டுவிடுங்கள்.

அதையும் முயன்று பார்த்தார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கோடு போடும் கருவி கோட்டை நேராகப் போட்டது. கம்பி எந்தக் காலத்திலும் நேராகப் போனதில்லை, நடுவில் தொய்யும். வளைவாகப் போட்டபோது துணி காயப்போடும் கொடி வந்தது. தவிர, எந்தக் கம்பத்தில் எத்தனை கம்பி போயிற்று என்று யார் கண்டது? இரண்டு போட்டால் அது பொய். நான்கு போட்டால் பெரிய பொய். ஒரு பகல் முழுக்கப் போட்டுப் போட்டு அழித்தார். கடைசியில் எட்டுப் பேர் கையிலும் பாம்பு மாதிரி ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அதையும் அழித்துவிட்டு, யாரும் இல்லாத அந்த அறையில் ஸ்கேனரின் மூடியை ஓங்கி ஓர் அறை அறைந்தார். அது சூடாக நேரம் கேட்டது.

வீட்டில் நடந்த விசாரணை இன்னும் மோசம். யாராவது புகார் சொன்னார்களா என்று கணவர் கேட்டார். இல்லை. யாராவது கண்டுபிடித்தார்களா? இல்லை. கண்டுபிடிப்பார்களா? சந்தேகம்தான்.

"அப்புறம் உனக்கு என்னதான் பிரச்சினை?"

"பாக்க அழகா இருக்குன்னு பிரேக் இல்லாத வண்டியில நீங்க பாடம் நடத்துவீங்களா?"

கணவர் இதை ஒரு தொழில்முறைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஆலோசித்தார். "ஓட்டறதுக்குன்னா மாட்டேன். சும்மா நிறுத்திவெச்சுப் பாக்கறதுக்குன்னா பிரேக் எதுக்கு?"

ஹோல்டக்காவுக்கு எரிச்சல்தான் அதிகமாயிற்று. தன்னுடைய முப்பது வருஷத்தையும் அந்தக் கம்பிகளின் முனையில்தான் உட்கார்ந்து கழித்தோம் என்று அவர் நினைத்திருக்கலாம். நினைத்தாரோ இல்லையோ, சொல்லவில்லை. கடைக்காரர் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைக்கூட அவிழ்த்துத் தானே மறுபடி கட்டுகிற ஆள் அவர். காரணம் அந்த அளவுக்குச் சாதாரணமாகவும் இருந்திருக்கலாம்.

ஒரே வழி, ஆல்பங்களை மறுபடி வாங்கி மறுபடி ஸ்கேன் செய்வது. ஆல்பங்கள் சங்கச் செயலாளரின் அலமாரியில். செயலாளர் வேறு யாருமல்ல, கணவருடைய அக்காவின் வீட்டுக்காரர். இவருக்கு அண்ணா முறை. உறவுக்காரராயிற்றே, கேட்டால் கொடுப்பார் என்று நினைத்துப் போனார். உறவு என்பது கேட்டால் கொடுக்காததற்கும் சேர்த்துத்தான் உறவு என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

போனபோது செயலாளர் மகா உற்சாகத்தில் இருந்தார். திறப்பதற்கு முன் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று அதிகாரி சங்கத்துக்குச் சுத்தம் செய்த படங்களை அனுப்பியிருந்தார். செயலாளர் புயல் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு மேசை மேல் சாய்த்து வைத்திருந்தார். பக்கத்தில் ஆல்பத்தின் அதே பக்கம் விரிந்துகிடந்தது. படத்தில் வாலிபரான செயலாளர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆல்பத்துப் படத்தில் முன்னால் போகும் கம்பி ஒன்று அவர் மூக்கை நட்டநடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. அச்சிட்ட படத்தில் மூக்கு முழுதாக இருந்தது.

"வாம்மா, வா. உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்" என்றார்.

ஹோல்டக்கா விஷயத்தைச் சொன்னார். படங்களில் கம்பியெல்லாம் போய்விட்டது, தன் தப்புதான், ஆல்பங்கள் வேண்டும், நிறுவன நாளுக்குள் முடிந்தவரை மறுபடி எடுத்துவிடுகிறேன் என்றார். கம்பிக்காக ஆயுள் முழுக்க மழையிலும் வெயிலிலும் நின்றவர், கேட்டதும் கொதித்தெழுவார் என்று எதிர்பார்த்திருந்தார். திட்டு வாங்கத் தயாராகத் தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

"மறுபடி எடுத்தா மூக்கு என்ன ஆகும்?" என்றார் செயலாளர்.

"முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படித்தாண்ணா இருக்கும்."

"அப்ப வேண்டாம்."

"அண்ணா, நீங்க கட்டின கம்பிதானே அது?"

"நான் கட்டினதுதாம்மா. கட்டினப்பவும் அது என்னைப் பாடாப் படுத்துச்சு, படத்துலயும் மூக்கை வெட்டிட்டுப் போச்சு. இத்தனை வருஷமா எவன் இந்த ஆல்பத்தைப் பாத்தாலும் முதல்ல மூக்கைப் பாத்துச் சிரிப்பான். இப்பத்தான் ஒழிஞ்சிருக்கு. அதை மறுபடி கொண்டாந்து வெப்பேங்கறியே, உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?"

ஹோல்டக்கா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். செயலாளர் கடைசியில் அலுவல் முறைக்கு மாறினார். எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்தால், சங்கக் கூட்டம் கூட்டி, தலைவர் ஒப்புதலோடு முடிவெடுக்கப்படும். தலைவருக்கும் செயலாளருக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷம். கூட்டமும் அதிலிருந்து நடக்கவில்லை. இவ்வளவையும் அந்த வீட்டின் உள்ளறைக் கதவில் சாய்ந்து செயலாளரின் மனைவி, இவருக்கு அண்ணி, கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, நிலைமை இது. கம்பியை அழித்தவருக்கு மட்டும்தான் கம்பி வேண்டும். கட்டியவருக்கு வேண்டாம், நிறுவனத்துக்கு வேண்டாம், பார்க்கப்போகிறவர்களுக்குத் தெரியாது. பேசாமல் இருந்தால் பதவி நிரந்தரம். அந்த வாரம் அவர் யாரைப் பார்த்தாலும் சிடுசிடுத்தார். லிஃப்டில் ஏறியவரிடம், இரண்டு மாடிக்கு எதற்கு லிஃப்ட் என்று கேட்டார். தானும் அதில் இருப்பது பற்றி அவருக்குக் கவலையில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணி பேட்டரி அறைக்கே வந்து நின்றார். கையில் கனமான காய்கறிப் பை. உள்ளே புயல் ஆல்பம்.

"அவர் முடிவெட்டப் போயிருக்கார். இருக்கற முடிக்குச் சீக்கிரம் வந்துடுவார். பிடி."

மற்றவை அலமாரியில் பூட்டிக்கிடக்கின்றன, சாவி அவர் இடுப்பில். இது மட்டும் மூக்கை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெளியே இருந்தது, அதனால் கொண்டுவர முடிந்தது என்றார். காணோம் என்று தேட மாட்டாரா என்று ஹோல்டக்கா கேட்டார்.

"தேடட்டும். நாலு நாள் தானாத் தேடுவார். அப்புறம்தான் என்னைக் கேப்பார்."

"ஏன் அண்ணி இப்படிச் செய்யறீங்க?"

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "அந்தப் படம் வந்ததிலேருந்து மனுஷன் கண்ணாடி முன்னாடியே நிக்கறார். பக்கவாட்டுல திரும்பித் திரும்பிப் பாக்கறார். எனக்கு அந்தக் கம்பியோட இருந்த மூக்கே பழக்கம். இதை என்னால பொறுக்க முடியல."

ஹோல்டக்கா உடனே வேலையைத் தொடங்கியிருக்கலாம். தொடங்கவில்லை. ஒரு தாளை எடுத்து, இன்ன ஆல்பம், இத்தனை படங்கள், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். அண்ணி அதை வாங்கிப் படித்தார்.

"திருட்டுக்கு ரசீது குடுக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

இந்த முறை ஹோல்டக்கா எந்த வசதியையும் தொடவில்லை. ஊதியால் ஊதினார், கண்ணாடியைத் துடைத்தார், வைத்தார், மூடினார், அவ்வளவுதான். படத்தில் இருந்த தூசி படத்தில் இருந்தது. யாரோ என்றைக்கோ பதித்த கட்டைவிரல் ரேகை அப்படியே இருந்தது. கீறல்களும் கம்பிகளும் ஒன்றாக வந்தன. எது எது என்று அவருக்கே சில இடத்தில் தெரியவில்லை; தெரியாததையெல்லாம் விட்டுவைத்தார். எட்டுப் பேர் கையிலும் கம்பி வந்து சேர்ந்தபோது நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல்தான், ஒரு பொத்தானை அழுத்தாமல் இருந்திருந்தால் இதெல்லாம் முன்பே இருந்திருக்கும். அந்த ஆல்பம் முடிந்தபோது நிறுவன நாள் நெருங்கிவிட்டது. மற்ற ஆல்பங்கள் பூட்டுக்குள்தான்.

அதிகாரியிடம் போய்க் கணக்கை ஒப்பித்தார். அலுவலக வாசல் படங்களில் கம்பி எதுவும் இல்லை, அவற்றுக்கு ஆபத்தில்லை. புயல் ஆல்பம் மறுபடி எடுத்தாயிற்று. மீதி எல்லாமே கெட்டுப்போனவை. அவற்றை ஏற்ற முடியாது.

அதிகாரி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். அவர் உண்மையிலேயே உதவத்தான் விரும்பினார்.

"மேடம், எல்லாத்தையும் ஏத்துங்க. திறப்பு முடியட்டும். உங்க ஆணை அன்னைக்குத்தான் கையெழுத்தாகுது. அதுக்கப்புறம் நீங்க கம்பி போடுங்க, கயிறு போடுங்க, யாரு கேக்கப்போறா?"

"அப்புறம்னா எப்ப சார்?"

"அப்புறம்தான்."

காத்திருங்கள் என்று சொல்லியே பிழைத்தவருக்கு, அப்புறம் என்ற சொல் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யோசிக்கிறேன் சார் என்றார். அவரை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் மாட்டேன் என்பது. அதிகாரி அவரை அந்த அளவுக்கு அறிந்திருக்கவில்லை. நன்றி மேடம் என்றார்.

நிறுவன நாளன்று மாநாட்டு அறையில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். நிர்வாக இயக்குநர், அதிகாரிகள், முன்வரிசையில் சங்கத்தார். செயலாளர் ஒரு கோடியில், தலைவர் மறுகோடியில், நடுவில் அவர்கள் பேசாத மூன்று வருஷம் நாற்காலிகளாக. ஆல்பம் காணாமல்போன கவலை செயலாளர் முகத்தில் இருந்தாலும், புதுச் சட்டை போட்டு, மூக்குக்கு ஏற்றபடி தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். ஹோல்டக்கா கதவோரம் நின்றார். இயக்குநர் சுட்டியை அழுத்தினார், காட்சியகம் திறந்தது. மேலே முதல் வரியாக இருந்ததை வரவேற்புரை என்று நினைத்துக்கொண்டு, கணீர் குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"இங்கே வரவேண்டிய பெரும்பாலான படங்களில் இருந்த கம்பிகளை, தூசி எடுக்கும்போது நான் அழித்துவிட்டேன். மூலப் படங்களிலிருந்து மறுபடி எடுத்த பிறகே அவை ஏற்றப்படும். இப்போது உள்ள புயல் படங்கள் தூசியோடு உள்ளன. ஒருங்கிணைப்பாளர்."

வாசித்து முடித்த பிறகுதான் இயக்குநருக்கு, தான் எதை வாசித்தோம் என்பது தெரிந்தது. கைதட்டக் காத்திருந்தவர்கள் தட்டுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதிகாரி தரையைப் பார்த்தார். கீழே வாசல் படங்கள் சில, புயல் படங்கள் சில, அப்புறம் சாம்பல் நிறத்தில் வெற்றுச் சதுரங்கள், உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. புயல் படங்களில் ஒன்றை இயக்குநர் பெரிதாக்கினார். சுவரளவு பெரிய வாலிபர் ஒருவர் கம்பத்தில் சிரித்தார். கம்பி மூக்கை வெட்டிக்கொண்டு அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. மறுகோடியில் தலைவர் சிரித்தார். கூட்டம் அவரைப் பின்பற்றியது.

மதியமே ஆணை வந்தது. நிரந்தரம் இல்லை; வெற்றுச் சதுரங்களை நிரப்ப வேறு ஆள் இல்லாததால் வீடும் இல்லை. நிர்வாகத்துக்குத் திருப்தி ஏற்படாததால் தகுதிகாண் காலம் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. அதற்குப் பின் முடிவு செய்யப்படும். கொண்டுவந்து கொடுத்த அதிகாரி, நான் சொன்னேனே மேடம் என்று மட்டும் சொன்னார். வீட்டில் கணவர் ஆணையை இரண்டு தரம் படித்துவிட்டு, ஆறு மாதம் கழித்தும் இப்படித்தான் செய்வாயா என்று கேட்டார். அவர் விரலைத் தூக்கினார்.

அடுத்த திங்கட்கிழமை செயலாளர் பேட்டரி அறை வாசலில் நின்றார். பின்னால் ஒரு தள்ளுவண்டி. வண்டியில் மீதி ஆல்பங்கள். முகம் கடுகடுவென்று இருந்தது. ஹோல்டக்கா எழுந்து நின்று, அண்ணா, மன்னிச்சுடுங்க என்று ஆரம்பித்தார்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். என் மூக்குல மட்டும் கம்பி போட்டு ஊருக்கே காட்டிட்டே. நாலாவது ஆல்பத்தைப் பிரி. கடைசிப் பக்கம்."

பிரித்தார். தலைவர் வாலிபத்தில் ஒரு ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இரண்டு கண்களின் மேலும், நாடா கட்டியது போல, ஒரு தடித்த கம்பி.

"இதுவும் போகணும் இல்ல? கம்பியோட?"

"கம்பியோடதாண்ணா."

"எல்லாத்தையும் எடு. ஒருத்தனையும் விடாதே" என்றார் செயலாளர். ரசீதை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஆறு மாதத்தில் ஹோல்டக்கா மீதி ஆல்பங்களைப் பக்கம் பக்கமாகக் கழற்றி மறுபடி ஸ்கேன் செய்தார்; மூலக் கோப்புகளை அழிக்கவில்லை; தூசியை எடுக்கவில்லை; கம்பி இருந்த படங்களைக் கம்பியோடு ஏற்றினார்.